அவர்கள் முஸ்லிம் இல்லை என்றால், பிடித்தது எதற்கு?



பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் ஓரம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல மனிதர், தலைமுறை தலைமுறையாக மெத்தடிஸ்ட் சபை. வெள்ளைச் சட்டை, டை அணிந்த இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் கடையைத் தாண்டிப் போனார்கள். "பாதிரிமார் போல இருக்கே, உங்க ஆளுங்களா ஐயா?" என்று கேட்டேன். "ஐயையோ, இல்ல தம்பி. அவங்க மார்மன்காரங்க. கிறிஸ்தவங்களே இல்ல" என்றார். அவர்கள் சபையின் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை."

பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார். ஆனாலும் கிறிஸ்தவர்கள் இல்லையாம்! நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தே தாரிக் வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் வழக்கறிஞராக இருப்பவனுக்கு, "அவன் எங்கள் மதத்தவன் இல்லை" என்ற வாக்கியத்தைக் கேட்டவுடனே அடிவயிற்றில் ஏதோ புரளும். பிரிக்பீல்ட்ஸில் அந்த வாக்கியம் தே தாரிக்கோடு முடிந்துபோகிறது. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி நிறுத்தமான பத்துமலையில் இறங்குங்கள். அங்கே அதே வாக்கியம் சாலையோரத்தில் பெயர்ப்பலகையாக நின்றது.

பத்துமலை என்றதும் நமக்கு முருகன்தான் நினைவுக்கு வருவார். 2007 நவம்பர் 25 விடியலும் நினைவுக்கு வரும். வாசல் கதவு பூட்டியிருக்க, கோயில் வளாகத்துக்குள் இருந்த நம் மக்கள் மீது தண்ணீர் பீய்ச்சி, கண்ணீர்ப்புகை அடித்த அந்த விடியல். அதே பத்துமலையில் கம்போங் நாகோடா என்று ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் தைப்பூசத்துக்குக் கார் நிறுத்த இடம் தேடும்போது அந்தப் பக்கம் போயிருப்போம். அங்கே அஹ்மதியா சமூகத்தாருக்கு ஒரு தொழுகைக்கூடம் இருக்கிறது. 2009-இல் அதன் அருகே ஒரு பெரிய பலகை நட்டார்கள். அதில் எழுதியிருந்தது இதுதான்: காடியானி என்பது இஸ்லாமிய மதம் அல்ல. (காடியானி என்பது அஹ்மதியாக்களை மற்றவர்கள் அழைக்கும் பெயர். அவர்கள் அதை விரும்புவதில்லை.)

யார் இந்த அஹ்மதியாக்கள்? 1889-இல் பஞ்சாபின் காடியான் ஊரில் மிர்சா குலாம் அஹ்மது தொடங்கிய இயக்கம். தாங்கள் முஸ்லிம்கள், குர்ஆன்தான் தங்கள் வேதம், ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு எல்லாம் உண்டு என்கிறார்கள். ஆனால் மிர்சா குலாம் அஹ்மதை வாக்களிக்கப்பட்ட மஹ்தி என்றும் இறைத்தூதரின் நிழலில் வந்தவர் என்றும் நம்புகிறார்கள். முகம்மது நபிக்குப் பிறகு எந்த நபியும் இல்லை என்பதை அடித்தளமாகக் கொண்ட பெரும்பான்மை முஸ்லிம்களால் இதை ஏற்க முடியவில்லை. மார்மன்கள் கதையும் கிட்டத்தட்ட இதே அச்சுதான். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. பைபிளோடு மார்மன் புத்தகம் என்று இன்னொரு வேதம், புதிய தீர்க்கதரிசி, திரித்துவத்தைப் பற்றி வேறு விளக்கம். மற்ற சபைகள் "இது கிறிஸ்தவம் இல்லை" என்றன. 2001-இல் வத்திக்கான், மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்றே அறிவித்தது.

இது வரைக்கும் எனக்கு ஒரு தகராறும் இல்லை. தங்கள் மதம் எது, அதன் எல்லைக்கோடு எங்கே என்று சொல்ல ஒரு மதத்தாருக்கு உரிமை உண்டு. ஞானஸ்நானம் செல்லாது என்று போப்பாண்டவர் சொல்லலாம், அஹ்மதியாவின் பின்னால் நின்று தொழ மாட்டேன் என்று ஒரு முஸ்லிம் சொல்லலாம். தகராறு எங்கே தொடங்குகிறது தெரியுமா? அந்தக் கோட்டைப் போலீசும் அதிகாரியும் கையில் எடுக்கும் இடத்தில்!

அமெரிக்காவிலும் அது நடந்திருக்கிறது, மறக்க வேண்டாம். 1838-இல் மிசூரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை எதிரிகளாகக் கருதி ஒன்று அழிக்க வேண்டும், அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று கையெழுத்திட்டு உத்தரவு போட்டார். அந்த உத்தரவு அதிகாரபூர்வமாக ரத்தானது எப்போது? 1976-இல்! ஜோசப் ஸ்மித் 1844-இல் அமெரிக்க அதிபர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தபோதே, இலினாய் மாநிலத்துச் சிறைக்குள் கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. மிஞ்சியவர்கள் 1847-இல் பாலைவனமாக இருந்த யூட்டாவுக்கு நடந்தே போனார்கள். அங்கேயும் விடவில்லை. பலதார மணத்தைக் காரணம் காட்டி 1887-இல் சட்டம் இயற்றி, சபையின் சொத்தையே மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1890-இல் சபை பலதார மணத்தைக் கைவிட்டது. அதன் பிறகுதான், 1896-இல், யூட்டாவுக்கு மாநிலத் தகுதி கிடைத்தது.

நம் கதைக்கு வருவோம்.

சிலாங்கூர் ஃபத்வா குழு 1975-லேயே அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரி. முஸ்லிம்கள் அல்ல என்றால், இஸ்லாமியச் சட்டம் அவர்களைத் தொடக் கூடாது அல்லவா? என்னையும் உங்களையும் போல அவர்களும் முஸ்லிம் அல்லாதவர்கள்தானே? ஆனால் 2009-இல், அவர்கள் தங்கள் தொழுகைக்கூடத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தக் கூடாது என்று சிலாங்கூர் இஸ்லாமிய மன்றமான மாயிஸிடமிருந்து கடிதம் போனது. 2014 ஏப்ரலில் ஜாயிஸ் அதிகாரிகள் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்தவர்களில் 39 பேரைப் பிடித்தார்கள். பாகிஸ்தானில் உயிருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளும் அதில் இருந்தார்கள். குற்றம் என்ன? அனுமதியில்லாத இடத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தியது.

நீங்கள் முஸ்லிம் இல்லை, ஆனால் முஸ்லிமுக்கான சட்டத்தை மீறிவிட்டீர்கள்! இதைவிட வேடிக்கை எங்கே உண்டு? ஒருவனைக் கிளப்பின் உறுப்பினர் இல்லை என்று வெளியே தள்ளிவிட்டு, மறுநாள் சந்தா கட்டவில்லை என்று அபராதம் போடுவது போல.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூலையில் ஷா ஆலம் உயர் நீதிமன்ற நீதிபதி சாலேஹா யூசோப் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். மத அதிகாரிகளே இவர்களை முஸ்லிம்களாக ஏற்கவில்லை என்கிறபோது, இவர்கள் மீது அந்த அதிகாரிகளுக்கு அதிகார வரம்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு அத்தோடு நிற்கவில்லை, மேலேயும் போனது. அந்த நுணுக்கங்களை இங்கே விரித்தால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வெற்றிதான், ஆனால் எப்படிப்பட்ட வெற்றி என்று பாருங்கள். நெஞ்சில் கை வைத்து "நாங்கள் முஸ்லிம்கள்" என்று சொல்லும் மக்கள், "நீங்கள் முஸ்லிம்கள் இல்லை, ஆகையால் தப்பித்தீர்கள்" என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சட்டப்படி ஜெயித்தார்கள். தங்களைத் தாங்களே என்ன என்று அழைத்துக்கொள்ளும் உரிமையில் தோற்றார்கள்.

இப்போது இதே நாட்டின் இன்னொரு முகத்தைப் பார்ப்போம். அது நம் வீட்டு முகம்.

1997-இல் எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் இருந்த ராணுவ வீரர் மூர்த்தி மணியம் 2005 டிசம்பர் 20-இல் காலமானார். அவர் முஸ்லிமாகிவிட்டார் என்றது மதத்துறை. அவர் கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் மனைவி. ஷரியா நீதிமன்றம் மனைவியின் குரலே இல்லாமல், அவர் முஸ்லிம் என்று அறிவித்தது. மனைவி முஸ்லிம் அல்லாதவர், ஆகவே அந்த மன்றத்துக்குள் அவர் போக முடியாது. சிவில் நீதிமன்றத்துக்கு வந்தார். டிசம்பர் 28-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், அரசமைப்பின் 121(1ஏ) விதிப்படி தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது. அன்றே மூர்த்தியை இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்துவிட்டார்கள்.

2007 மே 30-இல் லீனா ஜாய் வழக்கு. தான் கிறிஸ்தவர் என்று சொல்லும் ஒரு பெண், அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை எடுக்கக் கேட்டார். கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது. முதலில் ஷரியா நீதிமன்றத்திடம் விடுதலை வாங்கி வா என்றது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், வாசகர்களே. "நான் முஸ்லிம்" என்று சொல்லும் அஹ்மதியாவிடம் "இல்லை" என்கிறார்கள். "நான் முஸ்லிம் இல்லை" என்று சொல்லும் லீனா ஜாயிடம் "ஆமாம், நீ முஸ்லிம்தான்" என்கிறார்கள். இறந்துபோனதால் எதுவும் சொல்ல முடியாத மூர்த்திக்காக அவர்களே பேசிக்கொண்டார்கள். மூன்று பேர் விஷயத்திலும் கேட்கப்படாத ஒரே ஆள் யார்? சம்பந்தப்பட்ட ஆளேதான்!

நம் அரசமைப்பு இப்படியா சொல்கிறது? ஒன்பதாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். ஷரியா நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இஸ்லாத்தைத் தழுவி ஒழுகுகிறவர்கள் மீது மட்டும் என்றுதான் இருக்கிறது. தழுவி ஒழுகுவது என்பது ஒருவன் தானே செய்வது. பிறப்புச் சான்றிதழ் செய்வது அல்ல, கவுண்டரில் இருக்கும் குமாஸ்தா கணினியில் தட்டுவது அல்ல. இந்த ஒரு வினைச்சொல்லுக்கு உள்ள அர்த்தத்தைக் கொடுத்திருந்தால் மேலே சொன்ன வழக்குகளில் பாதி பிறந்தே இருக்காது. 1988-இல் 121(1ஏ) வந்த பிறகு நம் நீதிமன்றங்கள் அந்தச் சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயின. கொஞ்சம் வெளிச்சம் வந்தது 2018 ஜனவரியில். இந்திரா காந்தி வழக்கில், பெற்றோரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பிள்ளையை மதம் மாற்ற முடியாது என்றது கூட்டரசு நீதிமன்றம். (தீர்ப்பு வந்த பிறகும் அந்தத் தாய் தன் கடைசி மகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது தனிக்கதை.) 2021 பிப்ரவரியில் ரோஸ்லிசா வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, ஒருவர் தொடக்கத்திலிருந்தே முஸ்லிமாக இருந்ததில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டியது சிவில் நீதிமன்றம் என்றார்கள். ஆனால் இருந்துவிட்டு வெளியேற நினைப்பவர் ஷரியா நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற சுவர் அப்படியே நிற்கிறது. அடையாள அட்டையில் இஸ்லாம் என்று இருந்து, ஃபத்வாவில் முஸ்லிம் அல்ல என்று இருக்கும் மலாய் அஹ்மதியா அந்தச் சுவரின் எந்தப் பக்கம்?

நம் முன்னோர் காலத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் இருந்தது. 1922-இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு மலபாரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. கணவன் அஹ்மதியா ஆனான். அதனால் அவன் முஸ்லிம் இல்லை, கல்யாணம் முறிந்தது என்று எடுத்துக்கொண்டு மனைவி மறுமணம் செய்தாள். கணவன் இன்னும் முஸ்லிம்தான், அஹ்மதியா ஆனதால் மதத்தை விட்டவனாக மாட்டான் என்றது நீதிமன்றம். 1970-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதே கருத்தை இன்னும் விரிவாக எழுதினார். பாகிஸ்தான் எதிர்த்திசையில் போனது. அந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் சஃபருல்லா கான் ஓர் அஹ்மதியா. 1974-இல் அரசமைப்பைத் திருத்தி அஹ்மதியாக்கள் முஸ்லிம் அல்ல என்றார்கள். 1984-இல், அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கினார்கள். நோபல் பரிசு வாங்கிய அப்துஸ் சலாமின் கல்லறையில் 'முஸ்லிம்' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டைக் கட்டியவர்களையே அந்த நாடு வெளியே தள்ள எத்தனை வருடம் ஆனது? முப்பதுகூட ஆகவில்லை.

எனக்கு வரப்போகும் மின்னஞ்சல்கள் தெரியும். "ஐயா, இது அவர்கள் வீட்டுச் சண்டை. நமக்குக் கோயில் உடைபடுகிறது, பள்ளிக்கூடத்துக்கு நிலம் இல்லை, பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை. இதில் அஹ்மதியா எதற்கு?" நியாயமான கேள்விதான். என் பதில் இது. அந்தப் பலகையை நட்டபோதும் அந்த 39 பேரைப் பிடித்தபோதும் சிலாங்கூரில் ஆட்சியில் இருந்தது தேசிய முன்னணி அல்ல. 2008 மார்ச்சில் நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த அரசு! இசா சட்டத்தில் கமுந்திங்கில் அடைபட்டிருந்த நம் வழக்கறிஞர் மனோகரனைக் கிள்ளான் கோத்தா ஆலம் ஷா தொகுதியில் ஜெயிக்க வைத்தோமே, அதே தேர்தல். இஸ்லாமிய விவகாரம் சுல்தானின் அதிகாரத்துக்குள் வருவது, மந்திரி பெசார் ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பிரதிநிதிகள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? மலாய் ஓட்டு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நாமும் "அது அவர்கள் விவகாரம்" என்று சொல்லித் துணைபோனோம். மூர்த்தியின் மனைவி நீதிமன்ற வாசலில் நின்றபோது மற்றவர்கள் "அது இந்துக்கள் விவகாரம்" என்று சொன்னபோது நமக்கு எப்படி இருந்தது?

மார்மன்கள் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாடப்புத்தகம். நல்ல பாடமும் உண்டு, கெட்ட பாடமும் உண்டு. 1903-இல் ரீட் ஸ்மூட் என்ற மார்மன் தலைவர் செனட்டுக்குத் தேர்வானார். அவரை உட்கார விடலாமா என்று 1904 முதல் 1907 வரை விசாரணை நடத்தினார்கள். கடைசியில் விட்டார்கள். நூறாண்டு கழித்து மிட் ரோம்னி அதிபர் பதவிக்கு வந்தார். 2007 டிசம்பர் 6-இல், அதாவது நம் ஐவர் இசாவில் கைதாவதற்கு ஒரு வாரம் முன்பு, டெக்சஸில் நின்று தன் மதத்தைப் பற்றிப் பேச வேண்டிய நிலை அவருக்கு. இயேசு கிறிஸ்துவே தன் இரட்சகர் என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2011-இல் டல்லாஸ் பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் மார்மன் மதத்தைப் போலிக்கூட்டம் என்றார். 2012 அக்டோபரில், ரோம்னி வேட்பாளரானதும், பில்லி கிரகாம் அமைப்பின் இணையப் பக்கத்தில் போலிக்கூட்டங்கள் வரிசையில் இருந்த மார்மன் பெயர் காணாமல் போனது! இறையியலா மாறியது? தேர்தல் வந்தது, அவ்வளவுதான்.

அந்த அங்கீகாரத்துக்கு மார்மன்கள் கொடுத்த விலையும் உண்டு. தங்களைக் கிறிஸ்தவர்கள் அல்ல என்று சொன்னவர்களோடே ஒரே கட்சியில் தோளோடு தோள் நின்றார்கள். தங்கள் கல்யாண முறைக்காக அரசாங்கத்திடம் அடி வாங்கிய அதே சபை, 2008-இல் கலிபோர்னியாவில் மற்றவர்களின் கல்யாணத்தைச் சட்டத்தால் தடுக்கும் பிரச்சாரத்துக்கு ஆளும் பணமும் திரட்டியது. கறுப்பர்களுக்குத் தன் ஆசாரியத்துவத்தையே 1978 வரை மறுத்தது. அடிபட்டவன் நாற்காலி கிடைத்ததும் அடுத்தவன் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அமெரிக்க வியாதி மட்டுமா? ம.இ.கா.வின் அமைச்சர்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் அமைச்சரவையில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1988-இல் 121(1ஏ) நாடாளுமன்றத்தில் வந்தபோதும் அவர்கள் ஆளும் கூட்டணியில்தான் இருந்தார்கள்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஆகமக் கோயில் கமிட்டிக்காரர் தோட்டத்து முனியாண்டி கோயிலைப் பற்றிப் பேசும் தொனி எனக்குத் தெரியும். சேவல் பலி கொடுப்பவன் இந்துவே இல்லை என்று மேடையில் முழங்கியதைக் காதால் கேட்டிருக்கிறேன். நம் கையில் ஜாயிஸ் மாதிரி ஓர் இலாகா இல்லை, அதனால் யாரும் கைதாகவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலா என்று ஒரு தெரு இருக்கிறது. பெர்ஹாலா என்றால் விக்கிரகம். கோயிலும் புத்த விகாரையும் அங்கே இருப்பதால் வந்த பெயர். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லூத்தரன் தேவாலயம், கத்தோலிக்கத் தேவாலயம், நம் தமிழ் முஸ்லிம்களின் மதரசா எல்லாம் உண்டு. அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் மெத்தடிஸ்ட் ஆசிரியரைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் அந்த இரண்டு மார்மன் இளைஞர்களைப் பிடிக்க அவர் போலீசைக் கூப்பிடவில்லை.

அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வேட்பாளர் வருவார். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி மானியம், அடையாள அட்டை எல்லாம் கேளுங்கள், விடாதீர்கள். அதோடு இன்னும் ஒன்று கேளுங்கள்: ஒருவருடைய மதம் எது என்று அவரே சொன்னால் போதும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்வீர்களா? லீனா ஜாய்க்கும் சொல்வீர்களா, கம்போங் நாகோடாவில் தொழுகிறவருக்கும் சொல்வீர்களா? அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பெயரோடும் தொகுதியோடும் பிரசுரிக்கிறோம்.